உழிச்சலுக்கு அப்புறம் வலி போச்சு, சரி, எதனால போச்சு?

ஆடி பொறந்தா மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் கர்க்கடகக் கஞ்சி (ஆடி மாச மருந்துக் கஞ்சி) கிண்டாத வீடு கம்மி, அப்படியே எல்லை தாண்டி கேரளாவுல பாறசாலை, நெய்யாற்றின்கரைன்னு உழிச்சலுக்கும் (எண்ணெய் தேய்ச்சு உருவி விடுறது) கிழிக்கும் (மருந்து மூட்டையால ஒத்தடம் குடுக்கறது) போறவங்களும் உண்டு. திரும்பி வந்து எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "முட்டுவலி பாதி கொறஞ்சு போச்சு மக்களே."

பொய் இல்ல, கொறஞ்சுதான் இருக்கும். ஆனா நாம எப்ப வைத்தியம் பாக்கப் போவோம்? வலி தாங்க முடியாம போறப்ப. முட்டுவலி ஏறி ஏறி இறங்குற சங்கதி, உச்சத்துல இருக்கறப்ப போனா அடுத்து பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும், சும்மா படுத்திருந்தாலும். கூடவே வேலைக்குப் போகாம ரெஸ்ட், பத்தியச் சாப்பாடு, டாக்டர் தந்த வலி மாத்திரையும் ஒரு பக்கம் ஓடும் (அத வைத்தியர்கிட்ட யாரு சொல்றா?). இதுல எண்ணெயோட பங்கு எவ்ளோன்னு ஒரே ஆள வெச்சு சொல்லவே முடியாது, வைத்தியம் பண்ணாத இன்னொரு கூட்டம் வேணும், யாரு எதுலன்னு குலுக்கிப் போட்டுத்தான் பிரிக்கணும்.

அடுத்த சிக்கல், எதை அளக்குறோம்ங்கறது. 2011ல அமெரிக்காவுல ஆஸ்துமாக்காரங்களுக்கு ஒரு சோதனை நடந்துச்சு. அதே ஆளுங்களுக்கு ஒரு தடவை நிஜ இன்ஹேலர், ஒரு தடவை டம்மி இன்ஹேலர், ஒரு தடவை குத்தாத போலி அக்குபஞ்சர், ஒரு தடவை ஒண்ணுமே இல்ல. எப்படி இருக்குன்னு கேட்டா நிஜ மருந்துக்கு 50 சதவீதம் தேவலன்னாங்க, டம்மி இன்ஹேலருக்கு 45, போலி ஊசிக்கு 46, சும்மா இருந்ததுக்கு 21. ஆனா மிஷின்ல ஊதச் சொல்லிப் பாத்தா நிஜ மருந்துக்கு 20 சதவீதம் முன்னேற்றம், மத்த மூணுக்கும் 7தான்! மனசு லேசாச்சு, நுரையீரல் அப்படியேதான் இருந்துச்சு. வலிக்கு இது பரவால்லன்னு விடலாம், மூச்சுத்திணறலுக்கு விட முடியாது.

ஆயுர்வேதத்த எல்லாம் இப்படி சோதிக்க முடியாதுன்னு சொல்வாங்க. கோயம்புத்தூர்ல பண்ணியே காட்டுனாங்க. முடக்குவாதக்காரங்க 43 பேர், மூணு குரூப்: ஆயுர்வேத மருந்தும் போலி மெத்தோட்ரெக்சேட்டும் (முடக்குவாதத்துக்கு இங்கிலீஷ் டாக்டருங்க வழக்கமா தர்ற மருந்து), நிஜ மெத்தோட்ரெக்சேட்டும் போலி ஆயுர்வேத மருந்தும், கடைசி குரூப்புக்கு ரெண்டுமே நிஜம். 36 வாரம். எது நிஜம்னு நோயாளிக்கும் தெரியாது, பாக்குற டாக்டருக்கும் தெரியாது. 2011ல முடிவு வந்தப்ப மூணு குரூப்பும் கிட்டத்தட்ட ஒண்ணுபோல. அப்ப ஆயுர்வேதம் ஜெயிச்சாச்சான்னா, அவசரம் வேண்டாம். 43 பேருல ஒரு ஓரளவு வித்தியாசம் இருந்தாகூட கண்ணுக்குப் படாம போயிரும், வெறும் போலி மட்டும் வாங்குன குரூப்பும் அதுல இல்ல. ஆனாலும் ஒரு நல்ல ஆரம்பம்னுதான் நான் சொல்வேன், பெருசா திரும்பப் பண்ண வேண்டிய சோதனை.

உழிச்சலுக்கு இந்தப் போலி மருந்து வித்தையும் பலிக்காது, முதுகுல எண்ணெய் ஊத்துறது படுத்திருக்கறவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அதுக்கு வேற வழி இருக்கு. பேர் கொடுத்தவங்கள குலுக்கிப் பிரிச்சு பாதிப்பேருக்கு ஆடியில உழிச்சல், மீதிப்பேருக்கு புரட்டாசியில. ஆவணி கடைசியில முட்டி எவ்ளோ மடங்குது, எவ்ளோ தூரம் நடக்க முடியுதுன்னு, யாரு எந்தக் குரூப்புன்னே தெரியாத ஒருத்தர் எல்லாருக்கும் அளக்கணும். மழை விட்டதுனால தானா கொறஞ்ச வலி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அதுக்கு மேல மிஞ்சுறதுதான் உழிச்சலோட கணக்கு.