சைட் கார் பைக்கை விற்றவருக்கு ஐந்து கிழமை கழித்து வந்த கடிதம்

விற்று ஐந்து கிழமை ஆன வண்டிக்கு, வாங்கியவரின் சட்டத்தரணியிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வந்தால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். அப்படி ஒரு கடிதத்தோடு, கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்டத்தரணியான என் அறைக்கு வந்தவருக்கு எழுபது வயதிருக்கும், வெள்ளவத்தைக்காரர். விற்றது தகப்பன் வைத்திருந்த பீஎஸ்ஏ எம்20, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவம் ஓட்டித் திரிந்த அதே 500 சீசீ வண்டி, இடப்பக்கம் ஆள் இருந்து போகும் ஒற்றைச் சில்லுச் சைட் காரோடு. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில், ஓட்ட ஆளில்லை, அதனால் கொட்டாஞ்சேனையில் ஒரு தம்பிக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அந்தத் தம்பி சொல்வது: ஹாண்டில் இழுக்கிறது, கியர் பொக்ஸ் சத்தம் போடுகிறது, சைட் காரைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வெடிப்பு, ஆகவே முழுக் காசையும் திருப்பித் தர வேண்டும். (ஆளைத் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

கடிதத்தைவிட அவரைப் பயமுறுத்தியது பாரிஸிலிருந்து மருமகன் அனுப்பிய வாட்ஸ்அப். 'மாமா, மறைஞ்ச குறை இருந்தா வித்தவர்தான் பொறுப்பு, ரெண்டு வருஷத்துக்குள்ள கேட்கலாம்.' மருமகன் சொன்னதில் பொய்யில்லை, பிரெஞ்சு சிவில் சட்டக்கோவையின் 1641ஆம் பிரிவும் அதைத் தொடரும் பிரிவுகளும் அப்படித்தான் சொல்கின்றன. விற்றவருக்கே தெரியாத குறையாக இருந்தாலும் சரி, குறை தெரியவந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கேட்கலாம். ஆனால் அது பிரான்ஸ். வெள்ளவத்தையில் கைமாறிய வண்டிக்கு நம்முடைய 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான், அது இங்கிலாந்தின் 1893 சட்டத்தைப் பார்த்து எழுதியது. காணி வழக்கில் வரும் ரோமன் டச்சுச் சட்டத்தைக் கேள்விப்பட்டவர்கள் அதையே பைக்குக்கும் இழுக்கிறார்கள், அது வேறு கதை.

இந்தச் சட்டத்தில், பொருளின் தரத்துக்கு விற்பவர் தானாகவே பொறுப்பாகிவிடுவதில்லை, வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும். வண்டி வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவர் என்றால் கணக்கு வேறு, அவர் விற்கும் வண்டி ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்பந்தத்துக்குள் வைத்துவிடுகிறது, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொண்டுபோவதும் அப்படியான வியாபாரி மேல்தான். வீட்டில் நின்ற ஒரே வண்டியை விற்ற ஓய்வூதியக்காரர் வியாபாரி இல்லை.

'அப்ப நான் தப்பீட்டன், என்ன சேர்?' என்றார். அவசரப்படாதீர்கள் ஐயா, முதலில் போனைத் தாருங்கள் என்றேன்.

ஹாண்டில் இழுப்பதை முதலில் ஒதுக்கிவிடலாம். இடப்பக்கம் சைட் கார் பூட்டிய எந்த வண்டியும் அக்சலேட்டர் கொடுத்தால் இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் போகும், இடப்பக்கம் வேகமாகத் திருப்பினால் சைட் கார்ச் சில்லு நிலத்தை விட்டு எழும்பும். இரண்டு சில்லு பைக் ஓடிப் பழகியவருக்கு இது பழுது போலத்தான் தெரியும். சைட் கார்ச் சில்லு பைக்கின் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்க வேண்டும், பைக் கொஞ்சம் வெளியே சாய்ந்து நிற்க வேண்டும், அந்த அளவு தவறினால்தான் டயர் ஒருபக்கமாகத் தேயும், ஓட்டுபவரின் தோள் வலிக்கும். அதையும் பழகின மெக்கானிக் பாஸ் ஒருவர் பூட்டைத் தளர்த்தி அரை நாளில் சரிசெய்துவிடுவார். தம்பி வாங்குமுன் காலி முகத்திடல் பக்கம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருக்கிறார், அப்போதும் இப்படித்தான் இழுத்திருக்கும்.

கியர் பொக்ஸ் விஷயத்தில்தான் போன் பேசியது. விற்குமுன் பெரியவரே தட்டி அனுப்பிய செய்தி: 'எஞ்சின், கியர் பொக்ஸ் எல்லாம் இப்பதான் ஓவரோல் செய்தது தம்பி, ஒரு சதத்துக்கு வேலை இல்லை.' எல்லாம் கழற்றிப் புதுப்பித்தது எப்போது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, 2014 என்றார். 'நல்ல வண்டி', 'ராசியான வண்டி' என்பதெல்லாம் சந்தைப் பேச்சு, அதை நம்பி யாரும் வழக்கில் வென்றதாக நான் பார்த்ததில்லை. ஆனால் 'இப்பதான் ஓவரோல் செய்தது' என்பது ஒரு தகவல், வாங்குபவர் அதை நம்பித்தான் விலைக்கு ஒத்துக்கொண்டார், அது உண்மையில்லை என்றால் சொன்னவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பழைய கியர் பொக்ஸ் தம்பியின் தலைவலியாகத்தான் இருந்திருக்கும்.

கிளாம்ப் இன்னும் மோசம். சைட் கார் பூட்டினால் பைக்கின் பிரேமுக்கும் சில்லுக் கம்பிக்கும் அது வடிவமைக்கப்பட்டபோது நினைக்காத பக்கவாட்டு இழுவை வந்து சேர்கிறது, அதனால் வெடிப்பு வருவது அதிசயமில்லை. ஆனால் போனில் இருந்த படத்தில் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தது. 'பாஸ் ரெண்டு இடத்தில வெல்டிங் அடிச்சவர், ஒண்டும் ஆகாது எண்டவர்' என்றார் மெதுவாக. தெரியாத குறை வேறு, தெரிந்து பெயின்ட் அடித்த குறை வேறு. இரண்டாவதுக்குப் பெயர் மோசடி, 'உள்ளபடியே விற்கப்படுகிறது' என்று எத்தனை தாளில் எழுதி ஒப்பம் வாங்கினாலும் அது கரையாது. ஓடும்போது கிளாம்ப் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை, அவரே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

மற்றப் பக்கத்துச் சட்டத்தரணியோடு கதைத்தேன். தம்பி கேட்ட முழுக் காசு லேசில் நடக்காது, ஏனென்றால் குறிப்பிட்ட ஒரு வண்டியைப் பார்த்து வாங்கி அது கைமாறிவிட்டால் பெரும்பாலும் கிடைப்பது நட்டஈடுதான், மோசடியை நிரூபித்தால்தான் வண்டியைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேசலாம். நிரூபிக்க முடியும் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்ததால் பேச்சு சுருக்கமாக முடிந்தது: கியர் பொக்ஸ் சாமானுக்கும் புதுக் கிளாம்புக்கும் பெரியவர் காசு கொடுப்பது, ஹாண்டில் சரிபார்ப்பது தம்பியின் செலவு. வழக்கு என்று போயிருந்தால் இந்த மாதிரிச் சிறிய தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்கு அனுப்பியிருப்பார்கள்.

விற்கப் போகிறவர்கள் ஒரு தாளில் தெரிந்த குறைகளை எழுதி, சைட் கார் இழுக்கும், எழும்பும் என்பதையும் சேர்த்து, ஓட்டிப் பார்த்த திகதியோடு இருவரும் ஒப்பமிடுங்கள். சைட் கார் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எழுத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு, எழுதாத ஒப்பந்தத்துக்கு வழக்குக் காலம் 3 வருடம், எழுதியதற்கு 6. அதனால் உண்மையை மட்டும் எழுதுங்கள்.

கிளம்பும்போதுதான் உரிமை மாற்றம் செய்தாயிற்றா என்று கேட்டேன். ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் நிரப்பாத மாற்றப் படிவத்தில், ஒப்பம் வைத்துக் கொடுத்தாராம், அவ்வளவுதான். எனக்கு அந்தக் கோரிக்கைக் கடிதத்தைவிட இதுதான் பெரிய பயம். அந்த ஐந்து கிழமையும் வண்டி அவர் பெயரிலேயே ஓடியிருக்கிறது, யாரையாவது இடித்திருந்தால் பொலிஸ் முதலில் தட்டுவது வெள்ளவத்தைக் கதவைத்தான். மோட்டார் வாகனச் சட்டப்படி விற்றவர் எம்டீஏ 6 படிவத்தை 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும், வாங்கியவர் எம்டீஏ 8 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

கிளாம்ப் மாற்றிய அடுத்த கிழமை இருவருமாகவே பெயர் மாற்ற நாரஹேன்பிட்டவில் இருக்கும் அந்தத் திணைக்களத்துக்குப் போயிருக்கிறார்கள். தம்பி ஓட்ட, பெரியவர் சைட் காரில்.