ஹேபிடட்: வாழிடமா, வாழ்விடமா?

குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று பெயர் மாற்றினார்கள். ஆங்கிலப் பெயரில் உள்ள ‘ஹேபிடட்’தான் அங்கே வாழ்விடம். பள்ளி அறிவியல் புத்தகத்திலோ அதே ஹேபிடட் ‘வாழிடம்’. சேலத்தில் பாடம் நடத்துகிற எனக்கு, “சார், புக்குல ஒரு எழுத்து விட்டுப்போச்சா?” என்ற கேள்வி பழக்கமானது. விட்டுப்போகவில்லை. இரண்டும் வேறு வேறு சொற்கள்.

ஹேபிடட் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அது பெயர்ச்சொல்லே அல்ல, வினைமுற்று: ‘வசிக்கிறது’. 18ஆம் நூற்றாண்டின் தாவர நூல்கள் லத்தீனில் இருந்தன. செடியின் விவரத்தின் கீழே ‘ஹாபிடட் இன்’ என்று தொடங்கி நாட்டைச் சொல்வார்கள். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் காபிச் செடிக்கு எழுதியது, அராபியாவின் தென்பகுதியில், அதாவது இன்றைய ஏமன் பக்கம் வசிக்கிறது என்று. (காபியின் தாய்மண் உண்மையில் எத்தியோப்பியா. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் அதை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தது தனிக்கதை.) குறிப்பின் முதல் சொல்லாகவே வந்து வந்து, வினை ஆங்கிலத்தில் பெயராகிவிட்டது.

இனி தமிழ். வாழ்வு + இடம் = வாழ்விடம், வாழ்வுக்கான இடம். வீடு, பட்டா, குடிநீர் இணைப்பு என்று மனிதர்களைப் பற்றிப் பேசப் பொருத்தமானது. வாழ் + இடம் = வாழிடம். இது வினைத்தொகை; வாழ்ந்த இடம், வாழ்கின்ற இடம், வாழும் இடம் மூன்றும் இதற்குள் அடக்கம். அறிவியலுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ‘உறைவிடம்’ என்றும் சொல்லலாம்தான், ஆனால் அதைக் கேட்டால் ஏற்காடு மலையில் உண்டு உறைவிடப் பள்ளிதான் நினைவுக்கு வரும்.

ஊர் வேறு, வாழிடம் வேறு. ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிடுக்கு ஏற்காடு வெறும் முகவரி. பாசி படிந்து ஈரம் தங்கிய மரப்பட்டைதான் வாழிடம். அதே மரத்தடி மண்ணில் நட்டால் வேர் அழுகிவிடும்.

இந்தச் சொல் இப்போது அதிகம் புழங்கும் துறைகளில் ஒன்று, கடல்தரையில் எங்கே எது வாழ்கிறது என்று வரைபடமாக்கும் ‘பெந்திக் ஹேபிடட் மேப்பிங்’. பெந்தோஸ் என்றால் கிரேக்கத்தில் கடலின் ஆழம். உயிரியலில் கடல்தரையில் வாழ்பவை. ‘ஆழ்கடல் வாழிடம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை, நடுநீரில் நீந்துவதெல்லாம் அதில் சேர்ந்துவிடும். ‘கடலடி வாழிட வரைபடம்’ என்றால் சரி.

கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்துத் தரையின் மேடு பள்ளத்தையும், பாறையா சேறா என்பதையும் கணிக்கலாம். அங்கே குடியிருப்பது யார் என்று அறியப் படம் வேண்டும். ஆழ்கடலில் சூரிய ஒளி எட்டாது என்பதால் கேமராவே விளக்கையும் சுமந்துபோகிறது. தரைக்குச் சில மீட்டர் மேலே நகர்ந்தபடி படம் எடுக்கும். தெரிந்த இடைவெளியில் இரண்டு லேசர் புள்ளிகளும் பாய்ச்சுவார்கள். அவை இல்லையென்றால் படத்தில் இருப்பது விரலளவா முழ அளவா என்றே தெரியாது. சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஓ.எம்.இ 6000 என்ற ஆளில்லாக் கலம் 2022 டிசம்பரில் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,271 மீட்டர் ஆழத்தில் ஆய்வு செய்தது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் உச்சி தண்ணீருக்கு வெளியே வராது.

அங்கே சேற்றின் மேல் மாங்கனீசு முடிச்சுகள் என்ற உலோகம் கலந்த உருண்டைக் கற்கள் கிடக்கின்றன, பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளர்பவை. இத்தகைய தரையில் எடுக்கும் ஒரே படத்தில், முடிச்சைப் பற்றிக்கொண்டு ஒரு கடற்பஞ்சும், பக்கத்துச் சேற்றில் கடல்வெள்ளரி ஊர்ந்துபோன தடமும் இருக்கலாம் (பெயர் எப்படியிருந்தாலும் இரண்டும் விலங்குகள்தான்). கடற்பஞ்சுக்குப் பிடிமானம் வேண்டும், கடல்வெள்ளரிக்குச் சேறு வேண்டும். ஒரு முழத்துக்குள் இரண்டு வாழிடங்கள். வெள்ளரி படத்தில் இல்லாவிட்டாலும் அதன் தடத்தைப் பதிவு செய்கிறார்கள், வளைகளையும்தான். ‘வாழ்ந்த இடம்’ என்ற பொருளும் உள்ளே இருக்கிற வினைத்தொகை இங்கேதான் கைகொடுக்கிறது.

அப்புறம், ‘திணை’ என்றே சொல்லலாமே என்பாரும் உண்டு. அழகான யோசனைதான். ஆனால் நெய்தல் கடலும் கடல் சார்ந்த இடமும். அதன் மக்கள் வலை வீசுவார்கள், உப்பு விளைவிப்பார்கள். கதிரொளி படாத சேற்றுக்கு ஐந்திணையில் இடம் ஒதுக்கவில்லை.