டார்க் பேட்டர்ன்: கரவு வடிவமைப்பு

இணையதளத்திலோ செயலியிலோ பொருள் வாங்க வருபவர், தாம் எண்ணியிராத ஒன்றைச் செய்துவிடும்படி திரையை அமைக்கும் உத்தியே ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படுகிறது. பயணச்சீட்டு எடுக்கும்போது, கேளாமலேயே காப்பீட்டுத் தொகை பட்டியலில் ஏறியிருப்பதும், ஒரே தட்டலில் தொடங்கிய சந்தாவை நிறுத்த ஐந்தாறு திரைகளைக் கடக்க வேண்டியிருப்பதும் இதன் வகைகள்.

இத்தொடரைப் பிரிட்டனைச் சேர்ந்த பயனர் அனுபவ வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010இல் உருவாக்கினார். காப்பாளரைக் குறித்த ‘பத்ரோனுஸ்’ என்னும் இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, பின்பற்றத்தக்க முன்மாதிரி என்றும் அச்சு என்றும் பொருள் விரிந்து ‘பேட்டர்ன்’ ஆயிற்று. அடிக்கடி எழும் சிக்கலுக்குக் கைகண்ட தீர்வு என்ற பொருளில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் இச்சொல்லை ஆள, மென்பொருள் துறையினர் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். அந்தக் கைகண்ட அச்சையே வாங்குபவருக்கு எதிராகத் திருப்பினால் அது ‘டார்க்’. ஆகவே அந்த அடைமொழி நோக்கத்தைச் சுட்டுகிறதே அன்றி நிறத்தை அன்று. ‘இருண்ட வடிவம்’ என்று பெயர்த்தால், கைப்பேசித் திரையைக் கறுப்பாக்கும் வசதியே படிப்பவர் நினைவுக்கு வரும்.

இந்தியாவில் இது சட்டச் சொல்லாகவும் ஆகிவிட்டது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், முன்கூட்டியே குறியிட்ட பெட்டிகளின் வழியாக நுகர்வோரின் ஒப்புதலைப் பதிவு செய்யக் கூடாது என்று ஏற்கெனவே கூறியிருந்தன. ஆனால், அந்த ஒரு தந்திரத்தை அடைத்தால் வேறொன்று முளைத்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகளில் இச்சொல்லுக்கு வரையறை வகுத்து, 13 வகைகளையும் பட்டியலிட்டது. நுகர்வோரின் தன்னுரிமையையும் தெரிவையும் குலைப்பதே அவ்வரையறையின் மையம்.

தமிழில் ‘மோசடி வடிவமைப்பு’ என்பாரும் உண்டு. மோசடி என்றதும் குற்றவியல் வழக்கு நினைவுக்கு வருகிறது. இங்கோ பேச்சு நேர்மையற்ற வணிக நடைமுறையைப் பற்றியது. எனவே ‘கரவு வடிவமைப்பு’ என்பதே என் தேர்வு. கரத்தல் என்றால் மறைத்தல்; கிடைத்த இரையை மறைக்காமல் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் காக்கையைச் சொல்லும் 527ஆம் குறளில் வரும் ‘கரவா’ இவ்வேரைச் சேர்ந்தது. ‘வேண்டாம், எனக்குச் சேமிப்பில் விருப்பமில்லை’ என்று நம்மையே அழுத்த வைத்து நாணச் செய்யும் பொத்தானில் மறைந்திருப்பது என்ன என்று கேட்கலாம். சொற்கள் வெளிப்படைதான்; அவற்றை அப்படி எழுதிய நோக்கம் மறைந்திருக்கிறது.

வகைப் பெயர்களில் ‘போலி அவசரம்’, ‘சந்தாப் பொறி’ ஆகியவை எளிதில் தமிழாகிவிடுகின்றன. ‘டிரிப் பிரைசிங்’ என்பதைச் ‘சொட்டு விலை’ என்றால் சொட்டு நீர்ப் பாசனத்தைப் போல ஏதோ சிக்கனம் என்று தோன்றும். முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டு, பணம் செலுத்தும் கட்டத்தில் கட்டணங்களை ஒவ்வொன்றாக ஏற்றும் அதனைப் ‘பின்னேற்று விலை’ என்பது பொருந்தும்.