ஊர் நடுவைச் சீரமைக்கும் முன் தரைக்கடைக்காரர் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனதிலிருந்து ஊர் நடுவைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. செக்காலை ரோட்டில் நெரிசல் குறையணும், பேருந்து நிலையத்தைச் சுற்றி நடக்க இடம் வேணும், செட்டிநாட்டுத் தெருக்களின் பழைய அழகும் கெடக்கூடாது என்று ஆளுக்கொரு கருத்து. எல்லாம் பேச வேண்டியதுதான். ஆனால் பேசுகிறவர்கள் கடை வைத்திருப்பவர்கள், வீடு வைத்திருப்பவர்கள், கார் வைத்திருப்பவர்கள். கல்லுக்கட்டிப் பக்கம் விடியற்காலையில் கீரைக்கட்டு விற்கிற அம்மாவையும், சாயங்காலம் பணியாரச் சட்டியோடு தள்ளுவண்டி நிறுத்துகிறவரையும் யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. எந்த ஊரிலும் சீரமைப்பு என்று வந்தால் முதலில் அப்புறப்படுத்தப்படுவது அவர்கள்தான்.

அவர்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது: சாலையோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் விற்பனை ஒழுங்குமுறை) சட்டம், 2014. மத்திய அரசின் சட்டம். தமிழ்நாட்டுக்கான விதிகளும் திட்டமும் 2015-ல் வந்தன. பின்னணி இவ்வளவு போதும். இந்தச் சட்டம் கையில் இருந்தும் ஏமாந்தவர்களைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் எங்கே தவறவிட்டார்கள் என்பதுதான் முக்கியம்.

சட்டம் போகிற வரிசை இது. முதலில் கணக்கெடுப்பு. அதில் பெயர் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ். சான்றிதழில் குறித்த இடத்தில் வியாபாரம் செய்ய உரிமை. கணக்கெடுப்பு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். அதை நடத்துவது நகர விற்பனைக் குழு. 'வெண்டிங் கமிட்டி' என்று கேட்டால்தான் அலுவலகத்தில் பலருக்குப் புரிகிறது.

பிரிவு 3-ல் ஒரு நல்ல பாதுகாப்பு உண்டு. கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கும்வரை எந்த வியாபாரியையும் அகற்றவோ இடம் மாற்றவோ கூடாது. இதைப் பலரும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். இதன் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுத்து முடித்துவிட்டால், பட்டியலில் இல்லாதவருக்கு அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. சான்றிதழ் இல்லாதவரை அகற்ற அதே சட்டத்தின் 18-வது பிரிவு அனுமதிக்கிறது. இருபது வருஷமாக அதே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, பெயர் இல்லை என்றால் பேச்சு இல்லை. ஆகவே புல்டோசர் வரும்போது சண்டை போடுவதைவிட, வரைபடம் போடும் முன்பே பெயரைப் பட்டியலில் ஏற்றுவது பத்து மடங்கு பயன் தரும்.

பெயர் எப்படி விடுபடுகிறது என்று பாருங்கள். கணக்கெடுக்க வருகிறவர்கள் அலுவலக நேரத்தில் வருவார்கள். கீரை, மீன் விற்பவர்கள் அதற்குள் விற்றுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். இட்லிக் கடை, பணியாரக் கடை மாலையில்தான் திறக்கும். நுங்கு, பதநீர், வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்கள் கோடையில் மட்டும் வருவார்கள். 'அந்த இடத்தில் யாரும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனால் அவ்வளவுதான். சுற்றி விற்பவர்களையும் வியாபாரி என்றுதான் சட்டம் சொல்கிறது. கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகப் போகிறவருக்கும் சான்றிதழ் உண்டு. கணக்கெடுப்பு என்று காதில் விழுந்தால், எந்தத் தேதி, எந்த வார்டு, எந்த நேரம் என்று எழுதிக் கேளுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் வந்து போனால் மறுநாளே மனு கொடுங்கள்.

"அடுத்த சர்வேயில் பார்த்துக்கலாம்மா" என்று ஒரு பதில் வரும். அதை நம்பித் திரும்பி வராதீர்கள். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவிலும் ஒருவர் கேட்டால், இடவசதிக்கு உட்பட்டுச் சான்றிதழ் கொடுக்கக் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. 4-வது பிரிவிலேயே அது உண்டு. 2014-க்கு முன்பே நகராட்சி கொடுத்த பழைய லைசென்ஸ் வீட்டில் இருந்தால், கணக்கெடுப்பில் விடுபட்டாலும் அந்த லைசென்ஸில் குறித்த காலம்வரை அவர் வியாபாரியாகவே கருதப்படுவார். பரணில் கிடக்கும் அந்த மஞ்சள் காகிதத்தைத் தேடி எடுங்கள்.

கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் பக்கத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகள் இவை. பழைய காரைக்குடி நகராட்சிப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வழியே இல்லை. கிராம ஊராட்சியாக இருந்த இடத்தில் இந்தச் சட்டப்படி கணக்கெடுப்பே நடந்திருக்காது. இப்போது நீங்கள் மாநகராட்சி எல்லைக்குள் வியாபாரம் செய்கிறீர்கள். அதைச் சொல்லி, 'எங்கள் பகுதிக்குக் கணக்கெடுப்பு எப்போது' என்று கேட்கும் உரிமை உங்களுக்கு முழுதாக இருக்கிறது.

இன்னொரு பெரிய ஓட்டை, முன்கடைக்காரருக்குக் கொடுக்கும் வாடகை. நடைபாதை அரசாங்கத்துடையது. ஆனாலும் பின்னால் இருக்கும் கடைக்காரர் 'என் வாசல்' என்று சொல்லித் தினம் ஐம்பதோ நூறோ வாங்கிக்கொள்வார். கணக்கெடுக்க ஆள் வந்தால், 'அந்தக் கடை நம்முடையதுதான்' என்று தன் மகன் பெயரையோ மச்சான் பெயரையோ கொடுத்துவிடுவார். காலமெல்லாம் வெயிலில் உட்கார்ந்த அம்மா, அட்டை வரும்போது அந்நியராகிவிடுவார். நான் பார்த்ததிலேயே மனசு ஆறாத அநியாயம் இதுதான். சான்றிதழை வாடகைக்கு விடக்கூடாது, கைமாற்றக்கூடாது, தானோ தன் குடும்பத்தாரோதான் விற்க வேண்டும் என்று 5-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே தராசு யார் கையில் இருக்கிறதோ அவர் பெயர்தான் பட்டியலில் வர வேண்டும். கடைக்காரரைப் பகைத்துக்கொள்ளப் பயமாக இருந்தால், அக்கம்பக்கத்து வியாபாரிகள் நாலு பேர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள்.

அதே பிரிவு உங்களையும் கட்டும். மூன்று இடத்தில் வண்டி போட்டு ஆள் வைத்து நடத்தினால் தகுதி போகும். வேறு பிழைப்பு இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். நகராட்சிக் கடை அறையை வாடகைக்கு எடுத்திருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர் கதி அவருடைய குத்தகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. கணவர் பெயரில் சான்றிதழ் இருந்து அவர் இறந்துவிட்டால், அல்லது நோயில் படுத்துவிட்டால், சான்றிதழ் செல்லும் காலம்வரை மனைவி அந்த இடத்தில் விற்கலாம். அவருக்கு அடுத்து, அவரை நம்பியிருந்த பிள்ளை. 'ஆள் இல்லை, இடம் காலி' என்று யாரும் சொல்ல முடியாது.

ஆதாரம் என்ன காட்டுவது? தினசரி வசூல் ரசீதுதான். ஏலம் எடுத்தவரின் ஆள் காலையில் வந்து கிழித்துக் கொடுக்கும் துண்டுச்சீட்டை வாங்கி, சுருக்குப் பையில் சில்லறையோடு திணித்துவிடுகிறோம். வெற்றிலைக் காம்பும் வேர்வையும் பட்டு ஒரே மாதத்தில் மை போய், வெறும் ரோஸ் காகிதம்தான் மிஞ்சுகிறது. மாதம் ஒரு முறை நல்லதாக நாலு ரசீதை எடுத்து ஜெராக்ஸ் போட்டு வையுங்கள். போனில் படம் எடுத்தால் பின்னால் இருக்கும் கோயிலோ சிலையோ தெரிகிற மாதிரி எடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு சீட்டு தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: அந்த ரசீது நீங்கள் அங்கே இருந்ததற்குச் சாட்சி, அவ்வளவுதான். அது சான்றிதழ் ஆகாது.

வங்கிக் கடனும் அப்படித்தான். 2020-ல் வந்த பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணையாகப் பத்தாயிரம் கொடுத்தார்கள், 2025-ல் அதைப் பதினைந்தாயிரமாக உயர்த்தினார்கள். நல்ல கடன், வட்டி மானியம் உண்டு, வாங்கலாம். ஆனால் கடன் வந்துவிட்டது, பரிந்துரைக் கடிதம் இருக்கிறது, இனி யாரும் அசைக்க முடியாது என்று நினைத்து நிம்மதியாக இருந்தவர்கள்தான் அகற்றும் நாளில் வாயடைத்து நின்றார்கள். கடன் வேறு, விற்பனைச் சான்றிதழ் வேறு. கையில் இருக்கும் அட்டையில் 'விற்பனைச் சான்றிதழ்' என்ற வார்த்தையும், இடமும், செல்லுபடியாகும் தேதியும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தேதி முடிந்திருந்தால் புதுப்பிக்க மனு கொடுங்கள்.

அப்புறம் அலைச்சல். இதற்கு மட்டும் தனியாக ஒரு பொறுமை வேண்டும்.

"சார், என் பேரு லிஸ்ட்ல இருக்கா?"

"அது நம்ம செக்‌ஷன் இல்லம்மா, மாடியில கேளுங்க."

மாடியில் கேட்டால், 'ரோடு நெடுஞ்சாலைத் துறையோடது, அங்க போங்க'. அங்கே போனால், 'அட்டை கொடுக்கிறது மாநகராட்சி, எங்களுக்கு ஆக்கிரமிப்பு எடுக்கிறதுதான் வேலை'. போக்குவரத்துக் காவலரிடம் கேட்டால், 'மேலிடத்து உத்தரவு'. வாயால் கேட்கும் வரை இந்த ஓட்டம் நிற்காது. எழுதிக் கொடுத்து, தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் போட்ட நகல் வாங்கிய பிறகுதான் பதில் சொல்லும் கடமை அவர்கள் தலையில் ஏறுகிறது. மனுவை ஆணையர் பெயருக்கே எழுதுங்கள், ஏனென்றால் நகர விற்பனைக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். நெடுஞ்சாலைத் துறை தன் சட்டத்தைக் காட்டினால், அதற்கு முரணாக இருந்தாலும் சாலையோர வியாபாரிகள் சட்டமே மேலோங்கும் என்று 33-வது பிரிவு சொல்வதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். ரயில்வே நிலத்தில் மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. ஜங்ஷன் வாசலில் வண்டி போடுகிறவர்கள், கால் வைத்திருக்கும் மண் ரயில்வேயுடையதா மாநகராட்சியுடையதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சுவரின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் உரிமையே மாறுகிறது.

சரி, சீரமைப்பு வேலை வந்துவிட்டது, நகரச் சொல்கிறார்கள். சான்றிதழ் இருந்தால் முப்பது நாள் முன்னறிவிப்பு கட்டாயம். முந்தின நாள் இரவு மைக்கில் அறிவித்தது முன்னறிவிப்பு ஆகாது. அந்த முப்பது நாளும் முடிந்து, அதன் பிறகும் காலி செய்யாவிட்டால்தான் ஆளைவிட்டு அகற்ற முடியும். சான்றிதழ் உள்ளவரை இடம் மாற்றினால் புது இடம் கொடுத்தாக வேண்டும், அந்த இடம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். ஊருக்கு வெளியே, பஸ் நிற்காத பொட்டலில் கட்டம் போட்டுக் கொடுத்தால், பழைய வருமானத்தையாவது உறுதி செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் இரண்டாம் அட்டவணை என்று சொல்லி ஆட்சேபம் எழுதுங்கள்.

அந்த அட்டவணையை ஒவ்வொரு வியாபாரியும் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அவசரமான தெளிவான தேவை இல்லாமல் இடம் மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். திட்டமிடுவதிலேயே பாதிக்கப்படுகிறவர்களைச் சேர்க்க வேண்டும். புதிதாகக் கட்டும் கட்டமைப்பால் வரும் பிழைப்பு வாய்ப்புகளில் அகற்றப்பட்டவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். அதாவது புது வளாகம் கட்டினால் உள்ளே உங்களுக்கும் இடம் கேட்கலாம். ஐம்பது ஆண்டுக்கு மேல் இயற்கையாக நடக்கும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்குள்ளவர்களை இடம் மாற்றாமல் விட வேண்டும். செட்டிநாட்டில் இதற்குத் தகுதியான இடங்கள் இருக்கின்றன. வீடுகளின் பாரம்பரியத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அந்த வீடுகளுக்குக் காய்கறி கொடுத்த சந்தையைப் பற்றி வாயே திறப்பதில்லை. பாட்டி காலத்து ரசீதோ, பழைய படமோ, ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமோ கிடைத்தால் சேர்த்து வைத்து, குழுவிடம் இந்த அறிவிப்பைக் கேளுங்கள்.

குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் ஊர்க் குழுவில் அந்த உறுப்பினர்கள் யார், தேர்தல் எப்போது நடந்தது, கடைசிக் கூட்டத்தின் தீர்மானம் என்ன? பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். குழு பரிந்துரைக்காமல் ஓர் இடத்தை 'விற்பனை தடை' பகுதி என்று அறிவித்திருந்தால், அந்தப் பதிலே நாளைக்கு உங்கள் வக்கீலுக்கு ஆயுதம்.

பொருளை அள்ளிக்கொண்டு போனால் அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. எடுத்ததற்குப் பட்டியல் போட்டு, கையெழுத்திட்டு உங்களிடம் ஒரு நகல் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுத்தால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்து, பொருளைப் படம் எடுங்கள். கட்டணம் கட்டிக் கேட்டால், அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். தராசு, தள்ளுவண்டி போன்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். காலி செய்யாததற்கு அபராதம் நாளுக்கு 250 ரூபாய்க்கு மேல் போகாது, அதுவும் பறித்த பொருளின் மதிப்பைத் தாண்டக்கூடாது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் கதவு திறக்கவில்லை என்றால், சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாள். மனு எண் வாங்காமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம். அகற்றும் தேதி நெருங்கிவிட்டால் அதற்கும் காத்திருக்காமல் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை கேட்க இலவச வக்கீல் ஏற்பாடு செய்யச் சொல்லலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இந்த உதவி உண்டு. போன் எண் 15100. போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: சான்றிதழ் அல்லது ரசீது ஜெராக்ஸ், முத்திரை போட்ட மனு நகல், கடையின் படம், ஆதார், நோட்டீஸ் வந்திருந்தால் அது. அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.