டோக்கியோவில் வீடு தேடும் முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை

டோக்கியோவுக்கு வரும் இந்தியக் குடும்பங்களுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுப்பது என் தொழில். வேலை உறுதியானதும் பலர், குடிமாறும் முன் நாலைந்து நாள் ஊரைப் பார்த்துவிட்டுப் போக வருகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கையிலிருக்கும் பட்டியலைப் பார்த்தால் அசகுசா, ஷிபுயா, ஸ்கைட்ரீ, முடிந்தால் ஃபூஜி மலை. ஸ்கைட்ரீ எங்கும் ஓடிவிடாது, குடிவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி நாலு வயது மகளோடு வந்திருந்தார்கள். கணவருக்கு அலுவலகம் நகர மையத்தில், ஓதேமாச்சியில். வீடு நிஷி-கசாயில்தான் என்று ஊரிலேயே முடிவு செய்துவிட்டார்கள். தப்பில்லை. 2000-ஐ ஒட்டிய கணினிச் சிக்கல் காலத்திலிருந்தே இந்திய ஐடிக்காரர்கள் குடியேறிய பகுதி அது. பருப்பு, மசாலா கிடைக்கும், இந்தியப் பள்ளி உண்டு, டோசாய் மெட்ரோ தடத்தில் ஏறினால் ஓதேமாச்சி கால் மணி நேரச் சொச்சம். ஞாயிறு மதியம் அந்த ரயிலில் போய்வந்து, உட்கார இடம் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை காலை 7.50-க்கு ஸ்டேஷனுக்கு வாங்க சார்" என்றேன்.

முதல் ரயிலை விட்டார். இரண்டாவதையும் விட்டார். மூன்றாவதில், முன்னால் நின்றவரைப் பார்த்து, உள்ளே முதுகைக் காட்டிப் பின்பக்கமாக ஏறினார். இங்கே பழகியவர்கள் அப்படித்தான் ஏறுவார்கள். நெரிசலை ஜப்பானில் ரயிலின் கொள்ளளவில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிடுவார்கள்: 200 விழுக்காடு என்றால் உடம்போடு உடம்பு அழுந்தும் நிலை. இதே தடத்தில் கிபா, மொன்சென்-நகாச்சோ நிலையங்களுக்கு இடையே 2019-இல் காலை நேர நெரிசல் 199 விழுக்காடு. கொரோனாவுக்குப் பிறகு குறைந்திருக்கிறது, ஆனாலும் கூட்டம் கூட்டம்தான். ஓதேமாச்சியில் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தினமும் இப்படியா?" அன்று மாலையே அலுவலகத்துக்கு எழுதி, 10 மணிக்கு வேலை தொடங்க அனுமதி வாங்கிவிட்டார். சேர்ந்த பிறகு கேட்பதைவிட அது சுலபம்.

அப்புறம் நடை. வீட்டு விளம்பரத்தில் "நிலையத்திலிருந்து 8 நிமிடம்" என்று இருந்தால், அது 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று போட்ட கணக்கு. சிக்னலில் நிற்பது, மேடு ஏறுவது எதுவும் அதில் சேராது. குழந்தையை நடக்கவிட்டுப் பாருங்கள் என்றேன். 19 நிமிடம் ஆனது. நடுவில் ஒரு பூனை.

எனக்கு இவற்றைவிட முக்கியம் வெள்ள வரைபடம். நிஷி-கசாய் இருக்கும் எடோகாவா வார்டில் சுமார் 70 விழுக்காடு நிலம், கடல் ஏற்றத்தின்போது கடல் நீர்மட்டத்துக்குக் கீழே. 2019-இல் வார்டு நிர்வாகமே வெளியிட்ட வரைபடத்தின் அட்டையில் "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சடித்திருந்தார்கள். பெருவெள்ளம் வரும் என்றால் வார்டை விட்டே முன்கூட்டிக் கிளம்பிவிடுங்கள் என்று பொருள். தண்ணீர் ஒன்றிரண்டு வாரம் வடியாமல் நிற்கலாம். மேல்மாடியில் இருந்தால் உயிர் தப்பும், கரண்டும் கழிவறையும் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்? இதைச் சொன்னால் வீடே வேண்டாம் என்று போய்விடுவார்கள் எனச் சில தரகர்கள் பேச்செடுப்பதில்லை. நான் சொல்லிவிடுவேன். தெரிந்துகொண்டு அங்கே இருப்பது வேறு.

நிலநடுக்கத்துக்கு ஒரே கேள்வி போதும்: கட்டடத்துக்கு அனுமதி கிடைத்தது 1981 ஜூன் 1-க்கு முன்பா, பின்பா? புதிய கட்டட விதி அன்று முதல்தான். கட்டி முடித்த ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1982-இல் முடிந்த கட்டடம் பழைய விதிப்படி அனுமதி வாங்கியதாக இருக்கலாம்.

இந்தப் பயணத்திலேயே வீட்டை முடித்துவிட நினைக்க வேண்டாம். ஜப்பானில் குடியிருக்க வரும் வெளிநாட்டவருக்குத் தரும் குடியிருப்பு அட்டை இல்லாமல் பெரும்பாலும் ஒப்பந்தம் நடக்காது. நாலைந்து மாத வாடகை அளவுக்குப் பணத்தை மட்டும் ஒதுக்கி வையுங்கள். முன்பணம், தரகு, வாடகை தவறினால் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்தின் கட்டணம் எல்லாம் சேர்த்து அவ்வளவு ஆகும். சில வீடுகளுக்கு ரெய்கின் என்று ஒன்று கேட்பார்கள். உரிமையாளருக்கு நன்றிப்பணம், நம்மூர் அட்வான்ஸ் மாதிரி திரும்பி வராது. முதல் மாதம் தற்காலிக அறையில் தங்கிக்கொண்டு தேடலாம். முகவரி முடிவானதும் 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் பதியுங்கள். வங்கிக் கணக்கு, கைபேசி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தக் குடும்பம் கடைசியில் நிஷி-கசாயிலேயே ஆறாவது மாடியில் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறோம் என்று பக்கத்து மாகாணமான சைதாமாவில் ஒரு நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.