38-இல் கறுத்த பட்டை எல்லாம் ஏடிஎஃப்4 அல்ல

மறுபடியும் அதே வெஸ்டர்ன் பிளாட் படம் (புரதங்களை ஜெல்லில் எடை வாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற தாளுக்கு மாற்றி, வேண்டிய புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் முறை). 38 கிலோடால்டன் (புரதத்தின் எடை அலகு) பக்கத்தில் கறுகறுவென்று ஒரு பட்டை, ஓரத்தில் ‘ஏடிஎஃப்4’ என்று பெயர். செல் அழுத்தத்தில் இருக்கும்போது கூடும் புரதம் அது. மருந்து கொடுத்த செல், கொடுக்காத செல் இரண்டிலும் ஒரே அளவு. அடியில், எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் ஏற்றியதைக் காட்ட ஆக்டின். இதை வைத்து ‘எங்கள் சேர்மம் செல்லின் அழுத்த எதிர்வினையைத் தூண்டுவதில்லை’ என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார் மாணவர். மொழி நன்றாக இருக்கிறது, புள்ளியியல்கூட ஒழுங்கு. ஆனால் அந்தப் பட்டை ஏடிஎஃப்4 என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. மதிப்பீட்டுக்கு வரும் ஆய்வேடுகளில் இதையே பார்த்துச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

செல் அழுத்தத்தில், புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்2 ஆல்ஃபாவின் 51ஆவது அமினோ அமிலமான செரீனில் பாஸ்பேட் ஏறினால் ஏடிஎஃப்4 கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மனிதப் புரதத்தில் 351 அமினோ அமிலங்கள். கணக்குப் போட்டால் சுமார் 38.6 கிலோடால்டன். ஜெல்லில் ஓடுவதோ 50 பக்கம். அமிலத்தன்மை மிகுந்த புரதங்கள் இப்படி மெதுவாக ஓடுவது புதிதல்ல. போதாக்குறைக்கு இதில் பாஸ்பேட்டுகளும் ஏறுகின்றன. ஆகவே லேடரில் (எடை தெரிந்த புரதங்களாலான அளவுகோல்) 38ஐத் தேடிப்போய் அங்கே எது கறுத்திருந்தாலும் பெயர் வைப்பது வேண்டாம். இன்னொன்று, அழுத்தம் இல்லாத பெரும்பாலான செல்களில் இந்தப் புரதம் மிகக் குறைவு. மருந்து கொடுக்காத கன்ட்ரோல் லேனிலேயே அவ்வளவு கறுப்பாகத் தெரிந்தபோது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: “மேடம், இந்த ஆன்டிபாடியை நிறைய பேப்பர்ல யூஸ் பண்ணிருக்காங்க. கம்பெனியே வேலிடேட் பண்ணது.”

சரி, இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடுவோம். ஒரு ஆன்டிபாடியைப் பல பேர் வாங்கியிருக்கிறார்கள் என்றால் பல பேர் வாங்கியிருக்கிறார்கள் என்பது மட்டுமே பொருள். முதல் கட்டுரையைப் பார்த்து இரண்டாமவர் வாங்கினார், அவரைப் பார்த்து மூன்றாமவர். நடுவில் யாராவது அந்த ஜீனை நீக்கிய (நாக்அவுட்) செல்லில் பட்டை மறைகிறதா என்று பார்த்தார்களா? மான்ட்ரியாலை மையமாகக் கொண்ட ஓர் அறிவியல் குழு 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை நாக்அவுட் செல்களோடு வைத்துச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டது. ஒரு புரதத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 கட்டுரைகளில், அந்தப் புரதத்தையே பிடிக்காத ஆன்டிபாடி பயன்பட்டிருந்தது. அதாவது வெளியான கட்டுரைகள், மதிப்பாய்வில் தேறியவை. அந்தச் சோதனைக்குப் பிறகு கம்பெனிகளே சிலவற்றை விற்பனையிலிருந்து எடுத்தன, பலவற்றின் பயன்பாட்டுக் குறிப்பை மாற்றின.

கம்பெனி தரும் டேட்டாஷீட் படத்தையும் நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலும் செல்லுக்குள் ஏடிஎஃப்4ஐ அளவுக்கு மீறி உற்பத்தி செய்யவைத்து எடுத்த படமாக இருக்கும். அவ்வளவு புரதம் இருந்தால் சுமாரான ஆன்டிபாடியும் பிடித்துவிடும். உங்கள் செல்லில் இயல்பாக இருக்கும் துளி அளவை அது பிடிக்குமா என்பது வேறு கேள்வி. அந்தப் படம் வெஸ்டர்னுக்கானது என்றால் திசுத் துண்டில் அதே ஆன்டிபாடி வேலை செய்யும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. ஃபார்மலினில் ஊறிய புரதத்தின் வடிவம் வேறு. முயலிலிருந்து எடுத்த பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை) என்றால் அடுத்த லாட், அதாவது அடுத்த உற்பத்தித் தொகுதி, வரும்போது எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். ரீகாம்பினன்ட் (ஜீன் வரிசையை வைத்து ஒரே மாதிரி தயாரிப்பது) கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஒரு தட்டு செல்லுக்கு, இந்த அழுத்தத்தை உண்டாக்கும் தாப்சிகார்ஜின் அல்லது டியூனிகாமைசின் கொடுத்து நான்கைந்து மணி நேரம் வையுங்கள் (தாப்சிகார்ஜினைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்). 50 பக்கம் பட்டை ஏற வேண்டும். இன்னொரு தட்டில் கூடவே இஸ்ரிப் (இந்த அழுத்த எதிர்வினையைத் தடுக்கும் சேர்மம்) சேருங்கள், அது இறங்க வேண்டும். நாக்அவுட் செல் இருந்தால் அதில் பட்டையே இருக்கக் கூடாது. இல்லையென்றால் அந்த ஜீனின் ஆர்என்ஏவைக் குறைக்கும் எஸ்ஐ-ஆர்என்ஏ போதும். இவை எல்லாம் உங்கள் சாம்பிள் ஓடும் அதே மெம்பிரேனில் இருக்க வேண்டும், போன வருட ஜெல்லில் அல்ல. பாஸிட்டிவ் கன்ட்ரோலுக்குப் புற ஊதாக் கதிரை நம்பாதீர்கள். இஐஎஃப்2 ஆல்ஃபாவில் பாஸ்பேட் ஏறும், ஏடிஎஃப்4 ஏறாது. அதன் ஆர்என்ஏ உற்பத்தியே அப்போது அடங்கிவிடுகிறது. ஆர்என்ஏ அளவைக் காட்டி ஆன்டிபாடி சரி என்று வாதிடுவதும் இந்தப் புரதத்தில் எடுபடாது. மாற்றத்தில் பெரும்பங்கு ஆர்என்ஏவிலிருந்து புரதம் உருவாகும் மொழிபெயர்ப்புக் கட்டத்தில் நடக்கிறது.

அப்புறம் மீடியம். மூன்று நாள் பழைய மீடியத்தில் நெருக்கியடித்து வளர்ந்த செல்லுக்கு அமினோ அமிலம் தீர்ந்து, அந்தப் பற்றாக்குறையை உணரும் ஜிசிஎன்2 விழித்து, ஏடிஎஃப்4 தானாகவே ஏறிவிடும். அதைக் ‘கன்ட்ரோல்’ என்று அழைப்பது நியாயமில்லை. முந்தின நாளே புது மீடியம் மாற்றுங்கள். அறுவடையைப் பனிக்கட்டி மேல் வைத்து வேகமாக முடியுங்கள், இந்தப் புரதம் சீக்கிரம் சிதையும்.

மெம்பிரேனைப் பட்டையை ஒட்டி வெட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். 30 முதல் 70 வரையாவது முழுசாக விடுங்கள், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வெட்டாத படத்தைப் போடுங்கள். ஆக்டின் 42இல் ஓடுகிறது; அதே துண்டில் ஆக்டின் ஆன்டிபாடி போட்டு மறுபடி புரோப் செய்தால் முன்பு வந்த பட்டை எது, இப்போது வந்தது எது என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியாது. கேட்டலாக் எண், லாட் எண், நீர்த்த விகிதம் மூன்றையும் எழுதுங்கள். ‘ஏடிஎஃப்4 ஆன்டிபாடி பயன்படுத்தப்பட்டது’ என்றால் யாருக்கும் உதவாது.

நல்ல தாப்சிகார்ஜின் லைசேட் (மருந்து கொடுத்த செல்லை உடைத்து எடுத்த சாறு) ஒன்று கிடைத்துவிட்டால் அதைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 80இல் போட்டுவிடுங்கள். பக்கத்து லேபில் கேட்டால் ஒரு குழாய் கொடுங்கள், அவர்களிடம் நாக்அவுட் செல் இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.