ஸ்பான்சரில் படிக்கும் பிள்ளை தலைவலியைச் சொல்லாது

மே மாதம் வந்தால், அறக்கட்டளைகள் தாங்கள் படிக்கவைக்கும் கல்லூரிப் பிள்ளைகளை ஓரிடத்தில் தங்கவைத்துப் படிப்பு முகாம் நடத்துகின்றன. ஆங்கிலம், கணக்கு, அரியர் பாடங்கள், நேர்காணல் பயிற்சி என்று நாள் முழுக்க வகுப்பு இருக்கும். திண்டுக்கல் பக்கம் நடக்கும் இப்படிப்பட்ட முகாம்களுக்குப் பல வருடங்களாக மருத்துவராகப் போய்வருகிறேன். “சுகாதாரம் பத்தி ஒரு மணி நேரம் பேசுங்க டாக்டர்” என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு இருக்கட்டும், முதல் நாளே ஒரு அறையும் இருபது அடி தூரமும் கொடுங்கள், கண்ணைப் பார்த்துவிடுகிறேன் என்பேன்.

இந்தப் பிள்ளைகள் தாமாக எதையும் சொல்ல மாட்டார்கள். “அவங்க காசுல படிக்கிற, போற இடத்துல குறை சொல்லாத” என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் அடுத்த வருட உதவி நின்றுவிடுமோ என்ற பயம் வேறு.

பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியை ‘கவனம் போதாது’ என்று ஆசிரியர்கள் குறித்து வைத்திருந்தார்கள்.

“போர்டுல எழுதுறது தெரியுதாம்மா?”

“தெரியுது சார்.”

“இப்ப என்ன எழுதியிருக்கு, படி.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “பக்கத்துல இருக்கிறவ நோட்டைப் பாத்து எழுதிக்குவேன் சார்” என்றாள்.

பள்ளியில் கொடுத்த கண்ணாடி பிளஸ் ஒன்னில் உடைந்திருக்கிறது. புதிது கேட்டால் செலவு என்று விட்டுவிட்டாள். சோதித்ததில் பவர் மைனஸ் இரண்டுக்குப் பக்கம். அந்த அளவில் கண்ணாடி இல்லாமல் அரை மீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். கையில் இருக்கும் புத்தகத்துக்கு அது போதும், கரும்பலகைக்குப் போதாது. அரசுப் பள்ளியில் இருக்கும்வரை மருத்துவக் குழு வந்து பார்க்கும். அதற்காக 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலவாழ்வுத் திட்டம் 18 வயது வரையான பிள்ளைகளுக்கானது. கல்லூரிக்குப் போனபின் அப்படித் தேடி வந்து பார்க்க ஆளில்லை. அறக்கட்டளை கட்டும் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒரு கண்ணாடியின் விலை எந்த மூலைக்கு?

அடுத்தது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்று கணக்கு. மதிய வகுப்பில் தூங்கி விழுகிற பெண்ணைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமா என்று கேட்க ஒரு பெண் செவிலியர் இருக்க வேண்டும். என்னிடம் “இல்ல சார்” என்றுதான் சொல்வார்கள். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் எட்டு கிராமில் இருப்பவளுக்குக் கீரை மட்டும் போதாது, மருத்துவர் சொல்லும் அளவில் இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. முகாம் சமையல்காரரிடம் டீயை இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுக்கச் சொன்னால் போதும், காசு செலவில்லை.

காலை நாலரைக்கு எழுப்பி, இரவு பத்தரைக்குப் படுக்கவிடுவதைச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். பதினெட்டு வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். படித்தது மனதில் பதிவதற்கே அந்தத் தூக்கம் தேவை. ஒரு வகுப்பைக் குறையுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

எனக்கு ஒப்பாத இன்னொன்று நிறைவு விழா. நன்கொடையாளர்கள் முன்வரிசையில் இருக்க, பிள்ளையிடம் மைக்கைக் கொடுத்து அப்பா குடித்த கதையையும் அம்மா கூலிக்குப் போன கதையையும் சொல்லவைக்கிறார்கள். அன்று காலையில் வயிற்றுவலி, படபடப்பு என்று என் அறைக்கு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். மேடையில் நன்றி சொல்லியே ஆகவேண்டிய பிள்ளை, “எனக்கு இது சரியில்லை” என்று உங்களிடம் எப்படிச் சொல்லும்? நன்கொடையாளர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும், படிப்பைப் பற்றிப் பேசட்டும். வீட்டுக் கதை வேண்டாம்.

முகாமுக்குப் போகுமுன் நான் ஒரு நிபந்தனை போடுவேன். என்னிடம் சொன்னது அறக்கட்டளையின் கோப்புக்குப் போகாது. எத்தனை பேருக்குக் கண்ணாடி வேண்டும் என்ற எண்ணிக்கை மட்டும் கொடுப்பேன், மற்றது எனக்கும் பிள்ளைக்கும். இதை முதல் நாளே எல்லார் முன்னாலும் அமைப்பாளரைக் கொண்டே சொல்லவைக்கிறேன். மனது சரியில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எழுதிப் போடுகிறேன். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை தொடங்கியவர்களுக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அதற்குள் அவரவர் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். அந்த ஊர் அரசு மருத்துவமனையில் காட்ட ஒரு சீட்டும், எந்த மாதம் போகவேண்டும் என்ற குறிப்பும் முகாமிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.